பழைய ஆண்பெயர் ஒன்றின் வேரைத் தேடுவது எப்படி: சாத்தனை வைத்துப் பார்ப்போம்

மகனுக்குப் பழந்தமிழ்ப் பெயர் வைக்க வேண்டும், இல்லை தாத்தா பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் என்றால், பெயருக்கு நேரே 'வீரன்', 'அதிர்ஷ்டசாலி' என்று மட்டும் போட்டிருக்கும் இணையப் பட்டியல்களை முதலில் மூடிவிடுங்கள், பெரும்பாலும் அவற்றில் ஆதாரமே இருக்காது. பெயரோடு வாழ்ந்த ஆட்களைத் தேடுங்கள். பொருள் அதற்கு அப்புறம்தான்.

சாத்தன் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். முதலில் சங்கப் புலவர் பட்டியலைப் பாருங்கள். ஒக்கூர் மாசாத்தனார் இருக்கிறார், அதே ஒக்கூரில் மாசாத்தியார் என்ற பெண்புலவரும் இருக்கிறார், ஆக இந்தப் பெயருக்குப் பெண்பால் வடிவமும் இருந்திருக்கிறது. மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனார் மதுரைக் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. 'சா' என்ற எழுத்தில் மட்டும் தேடினால் அழிசி நச்சாத்தனார் போன்றவர்கள் தப்பிவிடுவார்கள், அதனால் பெயரின் நடுப்பகுதியை வைத்தும் தேடுங்கள். பழைய பெயர்கள் ஒட்டிக்கொண்டே வரும்: சாத்தன் மகன் கொற்றன் என்றால் சாத்தங்கொற்றன், சாத்தனுக்குத் தந்தை என்றால் சாத்தந்தை. இந்தப் புணர்ச்சிக்குத் தொல்காப்பியத்தில் தனி விதியே உண்டு, புறநானூற்றில் சாத்தந்தையார் என்று ஒரு புலவரும் உண்டு.

அடுத்து பானை ஓடுகளும் கல்வெட்டுகளும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எகிப்தின் செங்கடல் கரையில், குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓட்டில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் (தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்) 'சாதன்' என்று இருக்கிறது, கிட்டத்தட்ட 2,000 ஆண்டுக்கு முந்தையது, கடல் தாண்டிப் போன ஒரு மனிதனின் பெயர். நடுவில் வர வேண்டிய 'த்' அங்கே எழுதப்படவில்லை, இரட்டிக்கும் எழுத்தை ஒன்றாக எழுதுவது அந்தக் காலத்தில் சகஜம். எனவே நீங்களும் 'சாத்தன்', 'சாதன்' என்று இரண்டு விதமாகவும் தேட வேண்டும்.

பொருளுக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி போதும், இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சாத்தன் என்றால் ஐயனார். சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் என்ற தெய்வமே வருகிறது. பக்கத்திலேயே சாத்து என்ற சொல் இருக்கும், அதற்கு வணிகக் கூட்டம் என்று பொருள், கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயர் அந்த வழியில் வந்தது. இரண்டையும் குழப்பாதீர்கள். ஆள்பெயராகப் பார்க்கும்போது தெய்வப் பெயர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, சாமி பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறதே.

ஓசையை மட்டும் நம்பக் கூடாது. பைபிளில் வரும் சாத்தான் எபிரேய மொழியிலிருந்து வந்த சொல், இந்தப் பெயருக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதையெல்லாம் யோசித்துக் கூப்பிட மாட்டார்கள், பெயர் வைக்கும் முன் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. சாத்தனூர் என்று இருந்தால் அது மனிதன் பெயராகவும் இருக்கலாம், ஐயனார் பெயராகவும் இருக்கலாம், அந்த ஊர்க் கல்வெட்டைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

பெயர் எவ்வளவு புழங்கியது என்பதற்கு, சோழர் காலம் என்றால் ஜப்பானிய வரலாற்று ஆய்வாளர் கராஷிமாவின் குழுவினர் 1978-ல் கொண்டுவந்த கல்வெட்டுப் பெயர் அடைவு, அதாவது கல்வெட்டுகளில் வரும் பெயர்களின் அகரவரிசைத் தொகுப்பு, இருக்கிறது, மூன்று தொகுதி. இன்றைய நிலைக்கு வாக்காளர் பட்டியலே நல்ல கருவி. தமிழிலேயே கிடைக்கும், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் இருக்கும். உங்கள் பகுதிப் பட்டியலில் 60 வயது தாண்டியவர்களையும் 30-க்குக் கீழே இருப்பவர்களையும் தனித்தனியாக எண்ணுங்கள், தந்தை பெயர் வரிசையை வேறாக எண்ணுங்கள், அப்போது ஒரு பெயர் எந்தத் தலைமுறையில் தேய்ந்தது என்று தெரிந்துவிடும். ஒரே ஊரோடு நிறுத்தாமல் வேறு மாவட்டத்துப் பட்டியல் ஒன்றையும் பாருங்கள், குலதெய்வப் பெயர்கள் சில வட்டாரங்களில் மட்டும் குவிந்து கிடக்கும்.