நேர்முகத் தேர்வுக்கு முன் நிறுவனத்தைப் படியுங்கள்

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும் நான் முதலில் திறப்பது நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத்தான். முகப்புப் பக்கம் விளம்பரம், அதற்கு அவசரமில்லை. ஒரே பதவிக்கு மீண்டும் மீண்டும் ஆள் தேடுகிறார்களா என்று பாருங்கள். 2001 முதல் இயங்கிவரும் 'வேபேக் மெஷின்' தளத்தில் அந்தப் பக்கத்தின் பழைய வடிவங்கள் பெரும்பாலும் கிடைக்கும். ஒருமுறை நான் விண்ணப்பித்திருந்த பதவி, எட்டு மாதங்களுக்கு முன்பும் ஒரு சொல் மாறாமல் அங்கே இருந்தது. "இந்தப் பொறுப்பில் முன்பு இருந்தவர் ஏன் விலகினார்?" என்று நேரிலேயே கேட்டேன். எதிரில் இருந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேலையை நான் ஏற்கவில்லை.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் ஆண்டறிக்கையை எடுங்கள். தலைவரின் உரையைத் தாண்டி, தணிக்கையாளர் அறிக்கையையும் இடர்கள் பற்றிய பகுதியையும் நிதானமாகப் படியுங்கள்.

லிங்க்ட்இன்னில், நீங்கள் சேரவிருக்கும் பிரிவில் ஆட்கள் எத்தனை ஆண்டுகள் நீடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஊழியர்கள் தங்கள் நிறுவனத்தைப் பற்றிக் கருத்து எழுதும் 'கிளாஸ்டோர்' தளத்தில் நட்சத்திர மதிப்பெண்களை விட்டுவிடுங்கள். வெவ்வேறு மாதங்களில் பலரும் ஒரே குறையைச் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டறிந்ததையெல்லாம் ஒரே தாளில் எழுதி, மூன்று கேள்விகளாகச் சுருக்கிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.