இடம்பெயர்ந்த பெண்ணுக்குச் சட்ட உதவி: புதிய தன்னார்வலர்களுக்கு

வன்முறைக்கு ஆளான பெண், அதுவும் ஊரைவிட்டு வந்து முகாமில் இருப்பவர், முதலில் வக்கீலைத் தேடிப் போவதில்லை. தெரிந்த ஒருவரிடம்தான் வாய் திறப்பார். அது நீங்களாக இருக்கலாம். வழக்குப் போட வைப்பது உங்கள் வேலை இல்லை. அவர் முடிவெடுக்க வழி திறந்து வைப்பதுதான்.

1. யாரும் வருவதற்கு முன்பே பட்டியல் தயாராகட்டும்: மருத்துவமனை, இலவச சட்ட உதவி, பாதுகாப்பு இல்லம், மனநல ஆலோசகர். ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்களே பேசிப் பாருங்கள். அடையாள அட்டை இல்லாதவரை ஏற்பார்களா, எந்த மொழியில் பேசுவார்கள் என்று கேளுங்கள். சில நாடுகளில் சில குற்றங்களைத் தெரிந்துகொண்டவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் நாட்டில் அப்படி இருந்தால், அவர் பேசத் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

2. முதல் பேச்சில் "ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?" என்ற கேள்வியே வேண்டாம். "இப்போது திரும்பிப் போனால் ஆபத்தா? எந்த எண்ணில் கூப்பிடலாம்? வேறு யாராவது எடுத்தால் நான் யார் என்று சொல்லட்டும்?" இவை போதும். மொழிபெயர்க்க அவர் பிள்ளையையோ பக்கத்துக் கூடாரத்துக்காரரையோ உட்கார வைக்காதீர்கள்.

3. பாலியல் வன்முறை என்றால் மருத்துவம் முதலில். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம் வரை வாய்ப்புண்டு. இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அன்று உடுத்திய துணியைக் காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும்.

4. அப்புறம் சட்டம். பாதுகாப்பு உத்தரவு (அடித்தவர் அவரை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் போடும் உத்தரவு), புகார், விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு என ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாளாகும், யாருக்குத் தெரியவரும் என்று சொல்லுங்கள். ஆனால் இடம்பெயர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் ஆவணத்தில்தான் இருக்கும். நிவாரணம் வாங்கக் காட்டும் முகாம் பதிவு அட்டை கணவர் பெயரில் இருந்தால், பிரிந்தால் நிவாரணப் பொருள் கிடைக்காதோ என்ற பயத்திலேயே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான ஐ.நா. வழிகாட்டு நெறிகள் (1998) 20ஆம் நெறியில், பெண்களுக்குத் தங்கள் பெயரிலேயே ஆவணம் பெறும் உரிமை உண்டு என்கின்றன. அகதிகள் நீதிமன்றத்தை அணுகும் உரிமை 1951 அகதிகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவில் இருக்கிறது. தனிப் பதிவு கேட்டு எழுதும் மனுவில் பொருந்துவதைக் குறிப்பிடுங்கள்.

"பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம்" என்று முகாமில் யாராவது வருவார்கள். அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே பாயில் உட்கார வைக்கும் சமரசத்துக்கு நீங்கள் துணை போக வேண்டாம்.

5. குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண். விவரங்களைத் தேவையான அளவு மட்டும், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். ஒரே கதையைப் பல இடங்களில் பல விதமாக எழுதி வைத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொள்வார். யாருக்குத் தகவல் போனாலும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

வழக்கு வேண்டாம் என்கிறாரா? சரி. புகாருக்குக் கால வரம்பு இருந்தால் அந்தத் தேதியை மட்டும் சொல்லுங்கள். அதைத் தாளில் எழுதிக் கையில் கொடுக்காதீர்கள். வீட்டில் யார் கண்ணிலாவது படும்.