லேபிளில் வெளியாள் எழுதலாமா? ப்ரொமிதியஸ் கோ லைப்ரரியின் ஓட்டையை அடைக்கும் வழி

கும்பகோணத்தில் மூன்று பேர் சேர்ந்து, அறுவடை இயந்திரத்தை வாடகைக்குப் பதிவு செய்யும் சிறிய சேவை ஒன்றை நடத்துகிறோம். தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் எங்கள் சர்வருக்கு ஓய்வே கிடையாது. அப்படி ஒரு இரவில் மெமரி ஏறிக்கொண்டே போய் ப்ரோசஸ் செத்தது. கூட்டம்தான் காரணம் என்று நினைத்து மெமரியைக் கூட்டினோம், மறுநாள் அதையும் தின்றுவிட்டது. கடைசியில் பார்த்தால், சர்வரைக் கண்காணிக்க நாங்களே வைத்த லைப்ரரிதான் தின்றிருக்கிறது.

ப்ரொமிதியஸ் என்பது சர்வரின் அளவீடுகளைத் திரட்டிவைக்கும் மென்பொருள். கோ மொழியில் எழுதும் நிரல்களுக்கான அதன் கிளையன்ட் லைப்ரரியில் 1.11.1-க்கு முந்தைய பதிப்புகளில் இருக்கும் ஓட்டை இது. பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்ணான சிவிஇ-2022-21698 என்று தேடினால் கிடைக்கும். அதிலுள்ள இன்ஸ்ட்ருமென்ட்ஹேண்ட்லர் மிடில்வேர்கள் (கோரிக்கை வரும் வழியில் நின்று அதை எண்ணும் நிரல் துண்டுகள்), வரும் கோரிக்கையின் மெத்தட் பெயரை, அதாவது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சொல்லை, லேபிளில் (அளவீடுகளைப் பிரித்துவைக்கும் அடையாளத்தில்) போடும். கெட், போஸ்ட் என்று வரும்வரை ஒன்றும் ஆகாது. ஆனால் கோ-வின் ஹெச்டிடிபி சர்வர் ‘ABC123’ மாதிரி கண்டபடி வைத்த ஆங்கில எழுத்துச் சொல்லையும் மெத்தடாக ஏற்றுக்கொள்ளும். புதுச் சொல் வரும்போதெல்லாம் மெமரியில் ஒரு புது அளவீட்டு வரிசை பிறக்கும், அது தானாகச் சாகாது.

நம் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே கணக்கு. அதை விட்டுவிட்டு, வருகிறவர் சொல்லும் ரகத்துக்கெல்லாம் பதிவேட்டில் தனிப் பக்கம் திறந்தால் என்ன ஆகும்? குறும்புக்காரன் ஒருவன் நாள் முழுக்க வாயில் வந்த பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும், நோட்டு தீர்ந்துவிடும். ஹிஸ்டோகிராம் (அளவுகளைப் பல வரம்புகளாகப் பிரித்து எண்ணும் அளவீடு) என்றால் இன்னும் மோசம், இயல்பான அமைப்பிலேயே ஒரு பெயருக்கு 14 வரிசைகள் வந்து நிற்கும்.

முதலில் நீங்கள் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நிரல் பயன்படுத்தும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் கோ.மோட் கோப்பில் இந்த லைப்ரரியின் பெயர் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், வேறொரு லைப்ரரி இதை இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். கோவல்ன்செக் கருவியை ஓட்டினால், ஓட்டையுள்ள பகுதியை உங்கள் நிரல் உண்மையில் கூப்பிடுகிறதா என்பது வரை சொல்லிவிடும். அப்புறம் சோதனை சர்வரில் (நேரலையில் வேண்டாம், சாமி) கர்ல் என்ற கட்டளைக் கருவியைக் கொண்டு நூறு விதமான மெத்தட் பெயர்களில் கோரிக்கை அனுப்பி, அளவீடுகளைக் காட்டும் மெட்ரிக்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நூறும் வரிசையாக நின்றால் ஓட்டை இருக்கிறது.

சரி செய்வது ஐந்து நிமிட வேலை. கோ கெட் கொண்டு 1.11.1-க்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ ஏற்றுங்கள், கோ மோட் டைடி ஓட்டுங்கள், லைப்ரரிகளின் நகலை வைக்கும் வெண்டர் கோப்புறை இருந்தால் அதையும் புதுப்பியுங்கள். பிறகு மறுபடி பில்ட் செய்து ஏற்ற வேண்டும், கோ பைனரிக்குள்ளேயே லைப்ரரி உட்கார்ந்திருப்பதால் சர்வரில் எதையோ புதுப்பித்தோம் என்பதெல்லாம் உதவாது. அதே நூறு கோரிக்கைகளைத் திரும்ப அனுப்பினால், இப்போது எல்லாம் ‘அன்நோன்’ என்ற ஒரே லேபிளுக்குள் அடங்க வேண்டும்.

உடனே ஏற்ற முடியாதவர்கள் மெட்ரிக்கிலிருந்து மெத்தட் லேபிளையே தூக்கிவிடலாம். அல்லது தெரியாத மெத்தடைத் திருப்பி அனுப்பும் சின்ன மிடில்வேர் ஒன்றை எழுதலாம், ஆனால் அது இன்ஸ்ட்ருமென்ட்ஹேண்ட்லருக்கு வெளியே நிற்க வேண்டும். நாங்கள் முதலில் உள்ளே வைத்துவிட்டு, ஏன் இன்னும் ஏறுகிறது என்று அரைநாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். முன்னால் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை முதலில் வாங்கி உள்ளே அனுப்பும் சர்வர்) இருக்கிறது என்ற நிம்மதியும் வேண்டாம். தடுக்கச் சொன்னால்தான் தடுக்கும், சும்மா இருந்தால் பெரிய எழுத்தில் வரும் எந்தச் சொல்லையும் உள்ளே அனுப்பிவிடும்.

ப்ரொமிதியஸ் சர்வரில் சாம்பிள் லிமிட் (ஒருமுறை எடுக்கும் அளவீடுகளுக்கு எல்லை) வைப்பதும் நல்லதுதான். ஆனால் எல்லை மீறினால் அந்த முறை எடுத்த மொத்த அளவீடும் போய்விடும், உங்கள் சேவையின் மெமரியும் அதனால் இறங்காது. ஏற்கெனவே சேர்ந்த குப்பை வரிசைகள் சேமிப்புக் காலம் முடியும்வரை ப்ரொமிதியஸ் சர்வரிலேயே கிடக்கும், தானாக அமைந்திருப்பது 15 நாள்.

கண்காணிப்புக்கான இன்னொரு திட்டமான ஓப்பன்டெலிமெட்ரியின் கோ ஹெச்டிடிபி லைப்ரரியிலும் இதே கதை நடந்தது, அங்கே யூசர் ஏஜென்டும் (கோரிக்கை அனுப்பும் மென்பொருள் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயர்) சேர்ந்துகொண்டது, 0.44.0-இல் திருத்தினார்கள். அதையும் பயன்படுத்தினால் பதிப்பைப் பாருங்கள்.

பதிப்பை ஏற்றிய கையோடு, நீங்களே சொந்தமாக எழுதிய மெட்ரிக்குகளையும் ஒருமுறை புரட்டுங்கள், அவற்றை எந்தப் புதுப்பதிப்பும் காப்பாற்றாது. எங்களுடையதில் முழு யூஆர்எல் பாதை, பதிவு எண்ணோடு சேர்த்து, லேபிளாக உட்கார்ந்திருந்தது. எழுதியவன் நான்தான். எண்ணை எடுத்துவிட்டு ரூட்டின் வடிவத்தை மட்டும் வைத்தோம். நாலாயிரத்துச் சொச்சம் வரிசைகள் பதினொன்றாயின.