11-இல் தொடங்குங்கள்: பல் உருவியல் படிக்க ஒரு வழி

கோலாலம்பூரில் பல் மருத்துவம் சேர்ந்ததும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பாடம் பல் உருவியல், அதாவது ஒவ்வொரு பல்லின் வடிவத்தையும் படிப்பது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷனிலும் எஸ்டிபிஎம்மிலும் மனப்பாடம் செய்தே கரையேறிய தம்பி தங்கைகள் இதையும் உருப்போடப் பார்க்கிறார்கள். ஸ்பாட் டெஸ்டில் மேசைமேல் ஒரு பல்லை வைத்து "இது எது?" என்றால் படித்ததெல்லாம் பறந்துவிடும். ஒரே ஒரு பல்லை உருப்படியாகப் பழகினால் மற்றதில் பாதி தானாக வரும் என்பது என் கட்சி. அந்தப் பல் 11, மேல்தாடையின் வலப்பக்க நடு வெட்டுப்பல்.

முதலில் எண்ணும் பக்கமும்

இங்கே புழங்குவது எஃப்டிஐ (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) எண்முறை. முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பது: மேல் வலம் 1, மேல் இடம் 2, கீழ் இடம் 3, கீழ் வலம் 4. இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 26 என்றால் மேல் இடப்பக்கத்தின் முதல் கடைவாய்ப்பல். அதை "இரண்டு ஆறு" என்று சொல்லிப் பழகுங்கள், "இருபத்தாறு" என்றல்ல. பால்பற்களுக்கு முதல் இலக்கம் 5 முதல் 8 வரை. வலமும் இடமும் நோயாளியுடையவை, உங்களுடையவை அல்ல.

நடுக்கோட்டைப் பார்க்கும் பக்கம் மீசியல், அதற்கு எதிர்ப்பக்கம் டிஸ்டல். உதட்டுப் பக்கம் லேபியல், பின்பற்களில் கன்னத்துப் பக்கம் பக்கல். உள்பக்கம் மேல்தாடையில் பேலட்டல், கீழ்த்தாடையில் லிங்குவல். இவற்றில் குழப்புவது மீசியலும் டிஸ்டலும்தான்.

11-ஐக் கையில் எடுங்கள்

பிளாஸ்டிக் மாதிரிப் பல் போதும். வேர் மேலே, லேபியல் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். கடிவிளிம்பின் ஒரு மூலை ஏறக்குறைய செங்கோணமாக இருக்கும், அது மீசியல். மற்றது உருண்டிருக்கும், அது டிஸ்டல். அப்புறம் பல்லைப் பக்கவாட்டில் திருப்பி, எனாமல் முடியும் கழுத்துக் கோட்டைப் பாருங்கள். அது கடிவிளிம்பை நோக்கி வளைந்திருக்கும். மீசியல் பக்கம் சுமார் 3.5 மி.மீ., டிஸ்டல் பக்கம் சுமார் 2.5 மி.மீ. நகத்தால் தடவினாலே வித்தியாசம் தெரியும். வேர்நுனியும் பெரும்பாலும் டிஸ்டல் பக்கம் சற்றுச் சாயும், ஆனால் அதை மட்டும் நம்பி விடை எழுத வேண்டாம்.

எந்தப் பல்லானாலும் வரிசை ஒன்றே: என்ன வகை, எந்தத் தாடை, அதற்குப் பிறகுதான் வலமா இடமா. எடுத்ததும் "வலம்!" என்று தாவுபவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

வரையுங்கள்

வரைபடத் தாளில் மூன்று மடங்காக வரையுங்கள். 11-இன் சராசரி அளவு: தலைப்பகுதி உயரம் 10.5, வேர் 13, மீசியலிலிருந்து டிஸ்டல் வரை அகலம் 8.5, முன்பின் தடிமன் 7 மி.மீ. ஆகவே தாளில் தலைப்பகுதிக்கு 31.5-க்கு 25.5 மி.மீ. பெட்டி. பெட்டியைப் போட்ட பிறகே கோடு. பக்கவாட்டுப் படத்தில் கடிவிளிம்பு வேரின் நடுக்கோட்டுக்கு நேராக விழ வேண்டும். கீழ் வெட்டுப்பற்களில் அது சற்று உள்ளே தள்ளியிருக்கும்.

செதுக்குங்கள்

மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்குவதற்கு முன்னால் துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியில் பழகுங்கள். குளிக்கிற சவர்க்காரம் உதிர்ந்துபோகும், அறைத்தோழரும் சும்மா விடமாட்டார். அளவெடுக்க வெர்னியர் அளவி, பென்சில், மெழுகு செதுக்கும் லெக்ரான் கத்தி, இவ்வளவே வேண்டும்.

கட்டியின் ஒரு முகத்தில் லேபியல் உருவத்தைக் கீறி, மீசியல், டிஸ்டல் ஓரங்களை முழுத் தடிமனுக்கும் செதுக்குங்கள். பிறகு பக்கவாட்டு முகத்தில் மீசியல் உருவத்தைக் கீறி, முன்னும் பின்னும் எடுங்கள். இப்போது கையில் இருப்பது பல் மாதிரியே இல்லாத மூலைமுடுக்கான துண்டு. சரியான வழியில்தான் போகிறீர்கள். மூலைகளை உருட்டுவது கடைசி வேலை. முதலிலேயே உருட்டினால் அளவு போய்விடும். பேலட்டல் குழியைச் சுரண்டும்போது கழுத்தருகே உள்ள சிங்குலம் புடைப்பை விட்டுவைக்க வேண்டும். அது நட்டநடுவில் இல்லை, சற்று டிஸ்டல் பக்கம் ஒதுங்கியிருக்கும்.

மெழுகுக்கு வரும்போது நம் ஊர் வெயிலை மறக்காதீர்கள். மூடிய காரில் விட்டால் வளைந்துவிடும். ஆய்வகக் குளிரில் நேரே கத்தியை வைத்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்திருந்து தொடங்குங்கள்.

கடைவாய்ப்பற்கள்

26-ஐக் கடிபரப்பிலிருந்து பார்த்தால் சாய்சதுரம். நான்கு கஸ்ப்களில், அதாவது கடிபரப்பின் மேடுகளில், பெரியது மீசியல், பேலட்டல் பக்கங்கள் சேரும் மூலையில் உள்ள மீசியோபேலட்டல். அதிலிருந்து டிஸ்டோபக்கல் கஸ்ப் வரை ஒரு சாய்ந்த வரப்பு ஓடும். அந்த வரப்பும் மூன்று வேர்களும் இருந்தால் மேல்தாடை. மீசியோபேலட்டலின் உள்பக்கத்தில் காராபெல்லி என்ற குட்டி கஸ்ப் சிலருக்கு இருக்கும், சிலருக்கு இராது. 46-க்கு வழக்கமாக ஐந்து கஸ்ப், இரண்டு வேர்.

விதி மீறும் பற்கள்

தேர்வாளர்களுக்குப் பிடித்தது இதுதான். கோரைப்பல்லில் கஸ்ப்பின் மீசியல் சரிவு குட்டை, டிஸ்டல் சரிவு நீளம். மேல் முதல் முன்கடைவாய்ப்பல்லில், அதாவது 14, 24-இல், பக்கல் கஸ்ப்பில் இது தலைகீழ். அந்தப் பல்லின் மீசியல் பக்கம் கழுத்தருகே குழிந்தும் இருக்கும், அதைத் தொட்டுப் பார்த்தே பக்கம் சொல்லிவிடலாம். மேலே நடு வெட்டுப்பல் பக்கத்து வெட்டுப்பல்லைவிடப் பெரியது. கீழே பக்கத்துப் பல்லே சற்றுப் பெரியது. 31, 41 இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் வலம் இடம் பிரிப்பது கடினம். அங்கே கழுத்துக் கோட்டின் வளைவைப் பாருங்கள்.

நிஜப் பல் வேண்டுமானால் கிளினிக்கில் அனுமதியோடு கேட்டு வாங்குங்கள். கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். கிருமிநீக்கம் செய்யாத பல்லில் வேலை தொடங்காதீர்கள். அமல்கம் (பாதரசம் கலந்த உலோக அடைப்பு) உள்ள பல்லை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கக் கருவியில் போடக் கூடாது, பாதரச ஆவி கிளம்பும்.