தொடக்கநிலை வலைப்பதிவர் செருகுநிரல்களைத் தெரிவு செய்யும் முறை

ஹட்டனில் வார இறுதி நாட்களில் கணினி கற்பித்து வருகிறேன். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றமை 2023ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்டதன் பின்னர், தம் தோட்டத்தின் கதையையும் பாட்டிமார் பாடிய தாலாட்டுகளையும் காமன் கூத்துப் படங்களையும் சொந்த வலைத்தளத்தில் சேர்த்துவைக்க விரும்பும் இளையோர் பலர் என்னிடம் வருகின்றனர். தளத்தைத் திறந்த மறுநாளே அவர்கள் கேட்பது, "எந்தெந்தப் பிளகினைப் போடணும், சேர்?" என்பதாகும். அந்தக் கேள்விக்குப் பெயர்ப் பட்டியலை மட்டும் விடையாகக் கொடுத்தால் அது ஓராண்டில் பழசாகிவிடும் என்பதால், தெரிவு செய்யும் முறையையே இங்கு படிப்படியாக எழுதுகிறேன்.

செருகுநிரல் (பிளகின்) என்பது, வலைத்தளம் நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இல்லாத ஒரு வசதியைப் பின்னர் சேர்ப்பதற்கான சிறிய நிரல் தொகுப்பு. அதிகாரபூர்வச் செருகுநிரல் களஞ்சியத்தில் ஏறத்தாழ 60,000 இலவசச் செருகுநிரல்கள் இருக்கின்றன. சொந்த ஹோஸ்டிங்கில், அதாவது தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைக்க வாடகைக்குப் பெற்ற இடத்தில், வேர்ட்பிரஸ் நிறுவியவர்கள் அவற்றுள் எதையும் சேர்க்கலாம். வேர்ட்பிரஸ் டொட் கொம் தளத்தின் இலவசத் திட்டத்தில் எழுதுபவர்களால் அவ்வாறு சேர்க்க இயலாது. ஆகவே, நீங்கள் எங்கே எழுதுகிறீர்கள் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

என் முதல் தளத்தில் 19 செருகுநிரல்கள் இருந்தன. நகரும் படங்கள், பனித்துளி விழும் காட்சி, எட்டு விதமான பகிர்வுப் பொத்தான்கள் என்று கண்ணில் பட்டவற்றை எல்லாம் சேர்த்திருந்தேன். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மா பாடிக்கொடுத்த மூன்று அடிப் பாட்டு ஒன்றை அதில் வெளியிட்டுவிட்டு, அவரிடம் காட்டுவதற்காகப் போயிருந்தேன். லயத்து வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால் வாசற்படியில் நின்று, தொலைபேசியைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி அவர் காத்திருந்தார். வெள்ளைத் திரை, பிறகு ஒரு வட்டம் சுற்றியது, பிறகு நகரும் படத்தின் பாதி தெரிந்தது. "என்னாப்பா, ஒன்னுமே வரலையே" என்றார். மூன்று அடிப் பாட்டின் எழுத்துகள் ஒரு கிலோபைட் அளவைக்கூட எட்டாதவை. மீதிச் சுமை முழுவதும் நான் சேர்த்தது. அன்று மாலையே 13 செருகுநிரல்களை நீக்கினேன். மூடுபனி இறங்கும் நேரத்தில், ஒரே கோட்டுச் சிக்னலில், தாம் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில் படிப்பவரே நம் வாசகர் என்பதை அதன் பின்னர் நான் மறந்ததில்லை.

முதற்படி: தேவையை ஒரு வாக்கியத்தில் எழுதுதல்

களஞ்சியத்தைத் திறப்பதற்கு முன்னர், உங்களுக்கு என்ன குறை இருக்கிறது என்பதை ஒரு தாளில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "வாசகர் எனக்கு மின்னஞ்சல் அனுப்ப ஒரு படிவம் வேண்டும்" என்பது தேவை. "தளம் இன்னும் நன்றாக இருக்க வேண்டும்" என்பது தேவையன்று. அதற்குப் பொருத்தமான செருகுநிரலை எவராலும் தேடிக்கொடுக்க முடியாது.

இரண்டாம் படி: வேர்ட்பிரஸிலேயே அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்தல்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவது இந்தப் படியைத்தான். பழைய காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள், முன்னொரு காலத்தில் தேவைப்பட்டுப் பின்னர் தேவையற்றுப் போன செருகுநிரல்களை இன்றும் நிறுவிக்கொண்டிருக்கின்றனர். திரையில் படம் வரும் இடத்தை வாசகர் நெருங்கும்போது மட்டும் அதனைத் தரவிறக்கும் வசதியும், தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிகளுக்குப் பட்டியலிட்டுக் காட்டும் தள வரைபடமும் 2020ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த 5.5 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டன. கோப்பு அளவு குறைந்த வெப்-பி வகைப் படங்களை 2021இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து நேரடியாக ஏற்றலாம். அட்டவணை, பொத்தான், யூடியூப் காணொளி, படத்தொகுப்பு ஆகியவை பதிவு எழுதும் பக்கத்திலேயே தொகுதிகளாக இருக்கின்றன.

தமிழ் போன்ற மொழிகளில் எழுதுவோர் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலை இவ்விடத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "தோட்டத்து லயன் வீடுகளின் வரலாறு" என்று தலைப்பிட்டால், வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பிலிருந்தே பதிவின் முகவரியை உருவாக்கும். கணினி "தோ" என்ற எழுத்தை "த", "ோ" என்று இரண்டு குறிகளாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு குறியும் இணைய முகவரியில் சதவீதக் குறிகளுடன் சேர்ந்து ஒன்பது இடங்களைப் பிடிக்கிறது. முகவரியின் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடங்கள் மட்டுமே. மேற்படி தலைப்பில் முதல் மூன்று சொற்களில் 22 குறிகள் உள்ளன. அவை 198 இடங்களையும், இடையில் வரும் இரு சிறு கோடுகள் மீதி இரண்டு இடங்களையும் நிரப்பிவிட, "வரலாறு" என்ற சொல் முகவரியில் இல்லாமலே போய்விடுகிறது. அத்துடன், அந்த முகவரியை வட்ஸ்அப்பில் ஒட்டினால் பல வரிகளுக்குச் சதவீதக் குறிகளாக நீண்டு, அனுப்பியவர் மீதே ஐயம் கொள்ள வைக்கும். இதனைத் தீர்ப்பதற்கும் செருகுநிரல்கள் உள்ளன. ஆனால் அவை தேவையில்லை. பதிவை வெளியிடுவதற்கு முன்னர், வலப்பக்கப் பலகையில் முகவரிக்கான பெட்டியைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் இரண்டு மூன்று சொற்களைக் கையால் தட்டச்சுச் செய்தாலே போதும்.

மூன்றாம் படி: களஞ்சியப் பக்கத்தை நிதானமாக வாசித்தல்

தேவை உறுதியாகி, வேர்ட்பிரஸிலும் அந்த வசதி இல்லையென்று தெரிந்த பிறகே தேட வேண்டும். ஒவ்வொரு செருகுநிரலுக்கும் களஞ்சியத்தில் தனிப் பக்கம் உண்டு. நான் முதலில் பார்ப்பது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளை. ஓராண்டுக்கு மேலாகக் கைவைக்கப்படாத ஒன்றைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. வேர்ட்பிரஸின் அண்மைய மூன்று பெரும் பதிப்புகளுடன் சோதிக்கப்படவில்லை என்ற மஞ்சள் எச்சரிக்கை பக்கத்தின் மேற்பகுதியில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்து, எத்தனை தளங்களில் இயங்குகிறது என்பதைப் பார்க்கலாம். ஆயினும் பெரிய எண் மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. நட்சத்திரங்களின் சராசரியைவிட, ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுத்தவர்கள் எழுதிய காரணங்கள் எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கின்றன. உதவி கேட்போருக்கு உருவாக்கியவர் பதிலளிக்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

பணம் கொடுத்து வாங்க வேண்டிய செருகுநிரல்களின் திருட்டுப் பிரதிகளை வேறு தளங்களிலிருந்து இறக்கி நிறுவாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தளத்தைக் கைப்பற்றுவதற்கான மறைநிரல்கள் அத்தகைய பிரதிகளில் ஒளிந்திருப்பது வழக்கம்.

நான்காம் படி: ஒவ்வொன்றாக நிறுவிச் சோதித்தல்

கட்டுப்பாட்டுப் பலகையில் "பிளகின்ஸ்" பகுதிக்குச் சென்று, புதிதாகச் சேர்க்கும் பக்கத்தில் பெயரைத் தேடி, "இன்ஸ்டோல் நவ்" பொத்தானையும் பின்னர் "அக்டிவேட்" பொத்தானையும் அழுத்துங்கள். ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் நிறுவ வேண்டாம். நிறுவுவதற்கு முன்னரும் பின்னரும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் உங்கள் பதிவு ஒன்றின் முகவரியைக் கொடுத்து, கைத்தொலைபேசிக்கான மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். பின்னர், வை-ஃபையை அணைத்துவிட்டு, சிக்னல் குறைந்த ஓரிடத்தில் நின்று அதே பதிவைத் திறந்து பாருங்கள். மதிப்பெண் சொல்லாத சிலவற்றை அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

எவற்றிலிருந்து தொடங்கலாம்?

காப்புப்பிரதியே முதலிடம் பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்டிராஃப்ட்பிளஸின் இலவசப் பதிப்பு, பதிவுகளையும் படங்களையும் குறித்த கால இடைவெளியில் பிரதியெடுத்து உங்கள் கூகுள் டிரைவுக்கு அனுப்பும். இலவசக் கூகுள் கணக்கின் 15 கிகாபைட் இடம், புதிதாகத் தொடங்கிய தளத்துக்குத் தாராளமாகப் போதும். வாரம் ஒருமுறை என்று அமைத்துவிட்டு, முதற்பிரதி உண்மையிலேயே டிரைவில் வந்து சேர்ந்ததா என்று திறந்து பாருங்கள். மறைந்துபோன முதியவர் ஒருவரின் பாட்டு உங்கள் தளத்தில் மட்டுமே இருக்குமானால், அதன் ஒரே பிரதி எங்கோ இருக்கும் ஒரு சேர்வரில், அதாவது தளத்தின் கோப்புகளைத் தாங்கும் கணினியில், கிடப்பது பெரும் ஆபத்து.

குப்பைக் கருத்துரைகளைத் தடுக்க, தனிப்பட்ட, வணிக நோக்கமற்ற தளங்களுக்கு அகிஸ்மெட்டை இலவசமாகப் பெறலாம். தொடர்புப் படிவத்துக்குக் கொன்டெக்ட் ஃபோர்ம் 7 போதுமானது. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப ஊகித்து நுழைய முயல்வோரைத் தடுக்க லிமிட் லொகின் அட்டெம்ப்ட்ஸ் ரீலோடட் போன்ற எளிய ஒன்றைச் சேருங்கள்.

வேகத்தைக் கூட்டுவதற்கு, பக்கத்தை முன்கூட்டியே தயாரித்துச் சேமித்து வைக்கும் கேச் செருகுநிரல் உதவும். லைட்ஸ்பீட் கேச்சின் முதன்மை வசதி லைட்ஸ்பீட் வகைச் சேர்வர்களில் மட்டுமே செயல்படும் என்பதால், உங்கள் ஹோஸ்டிங்கில் இருப்பது எதுவென்று கேட்டறிந்துகொள்ளுங்கள்; வேறு வகையாயின் டபிள்யூபி சூப்பர் கேச் பொருத்தமானது. இரண்டையும் ஒருங்கே இயக்காதீர்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று குழப்பிவிடும். இருப்பினும், தொலைபேசியில் எடுத்த நான்கைந்து மெகாபைட் படத்தை அகலம் 1200 பிக்சலாகக் குறைத்து ஏற்றுவது, எந்தக் கேச்சும் தராத பலனைத் தரும்.

தேடுபொறிகளுக்கான செருகுநிரல்களில் யோஸ்ட், ரேங்க் மேத் ஆகிய இரண்டும் பரவலானவை. ஒன்றை மட்டும் தெரிவு செய்து, தலைப்பையும் சுருக்கக் குறிப்பையும் எழுதுவதற்குப் பயன்படுத்துங்கள். அவை காட்டும் சிவப்பு, பச்சை விளக்குகளுக்காகத் தமிழைத் திரிக்க வேண்டாம். அந்தக் கணிப்புகள் தமிழின் சொல்லமைப்பை எண்ணி உருவாக்கப்பட்டவையல்ல. "கொழுந்து", "கொழுந்தை", "கொழுந்துக்கு" ஆகியன ஒரே சொல்லின் வடிவங்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. பச்சை விளக்குக்காக வேற்றுமை உருபுகளை விட்டுவிட்டு எழுதிய மாணவி ஒருவரின் அழகான கட்டுரையைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

தளம் திறக்க மறுத்தால்

ஒரு செருகுநிரலை இயக்கியவுடன் தளம் வெறுமையாகிவிட்டால் பதற வேண்டாம். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இத்தகைய பெரும் பிழை நேரும்போது நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பு வரும். அதன் வழியே நுழைந்து, பிழை செய்யும் செருகுநிரலை நிறுத்தலாம். மின்னஞ்சல் வரவில்லையெனில், ஹோஸ்டிங் கணக்கின் கோப்பு மேலாளரைத் திறந்து, "டபிள்யூபி-கொன்டென்ட்" கோப்புறைக்குள் இருக்கும் "பிளகின்ஸ்" கோப்புறையில், கடைசியாக நிறுவியதன் கோப்புறைப் பெயரோடு ஓர் எழுத்தைக் கூட்டிவிடுங்கள். வேர்ட்பிரஸ் அதனைக் கண்டுபிடிக்க இயலாமல் நிறுத்திவிடும்; தளம் மீண்டும் திறக்கும்.

மாதம் ஒருமுறை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அரைமணி நேரம் ஒதுக்குகிறேன். முதலில் காப்புப்பிரதி ஒன்றை எடுத்துவிட்டு, புதுப்பிப்புகளை ஒவ்வொன்றாகச் செய்கிறேன். அந்த மாதத்தில் ஒருமுறையேனும் பயன்படாத செருகுநிரலை "டீஅக்டிவேட்" செய்து, ஒரு வாரம் கழித்தும் குறை தெரியாவிட்டால் "டிலீட்" செய்கிறேன். நிறுத்தி வைத்த செருகுநிரலின் கோப்புகள் சேர்வரில் தங்கியிருக்கும் வரை, அவற்றிலுள்ள பாதுகாப்புக் குறைகளும் அங்கேயே தங்கியிருக்கும் என்பதால், நிறுத்துவதோடு விட்டுவிடக் கூடாது. இப்போது என் தளத்தில் ஆறு செருகுநிரல்கள் இருக்கின்றன. பெரியம்மாவின் பாட்டு, அதே வாசற்படியில், அவர் தொலைபேசியை உயர்த்துவதற்கு முன்னரே திறந்துவிடுகிறது.