சொத்து கொஞ்சம், பங்காளிகள் நிறைய

சிங்கப்பூரில் காலமான எங்கள் சின்ன மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேக்காவில் ஓரறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீடு, ஒரு வங்கிக் கணக்கு, கொஞ்சம் மசேநி (மத்திய சேமநிதி) பணம். அவ்வளவுதான். உயில் கிடையாது. இதற்கெல்லாம் வழக்கறிஞரைத் தேடி ஓடவேண்டாம்.

முதலில் இறப்புச் சான்றிதழ். 2022 மே 29 முதல் அது மின்வடிவம்தான். மை லெகசி என்ற அரசாங்க இணையத்தளத்திலிருந்து 30 நாளுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின் நம்பர் தெரியும் என்று அவர் கார்டைத் தூக்கிக்கொண்டு ஏடிஎம்முக்குப் போகாதீர்கள். அது இனி எல்லா வாரிசுகளுக்கும் உரிய பணம். ஈமச்சடங்குச் செலவைச் சொத்திலிருந்து கழிக்கலாம், ஆகவே ரசீதுகள் முக்கியம். பூக்கடைக்காரர் துண்டுத் தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார். கடை முத்திரை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

அப்புறம் பணத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மசேநி பணம் யாருக்கு என்று அவர் முன்பே நியமனம் செய்திருந்தால் பணம் நேராக அந்த நபருக்குப் போய்விடும். செய்யாவிட்டால் பொது அறங்காவலர் (Public Trustee) என்ற அரசாங்க அதிகாரி பிரித்துக் கொடுப்பார். வங்கிப் பணம் முதலான மற்ற சொத்து 50,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) அடங்கி, குடும்பத்தில் தகராறும் இல்லையென்றால், அதையும் அவரிடமே விடலாம். நீதிமன்ற ஆணை தேவையில்லை. சொந்த வீடு இருந்தால் மட்டும் இந்த வழி சரிவராது. விண்ணப்பம் இணையத்திலேயே, சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக.

யாருக்கு எவ்வளவு என்பதை உயிலிலா வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. மனைவி மக்கள் இல்லை, பெற்றோரும் இல்லையென்றால் உடன்பிறந்தவர்களுக்குச் சம பங்கு. அவர்களில் ஒருவர் முன்பே தவறியிருந்தால் அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு. எங்கள் கணக்கில் அம்மாவுக்குப் பாதி, காலமான பெரிய மாமாவின் இரண்டு பிள்ளைகளுக்கு மீதிப் பாதி. ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தார் என்று சட்டம் கேட்பதில்லை. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

உண்மையான வேலை உறவை நிரூபிப்பதில்தான். சின்ன மாமா, அம்மா, பெரிய மாமா மூவரின் பிறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் பெயர் ஒத்துப்போகவேண்டும். எங்கள் தாத்தா பெயர் ஒன்றில் ஊரின் முதலெழுத்தோடு இருந்தது; இன்னொன்றில் கடைசி எழுத்தையே காணோம். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று அம்மா, சத்தியப் பிரமாணம் வாங்க அதிகாரம் பெற்ற கமிஷனர் ஃபார் ஓத்ஸ் முன்னால் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பழைய தாள்களை முதலிலேயே எடுத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டத்தின் பங்குகள் பொருந்தா; ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கவேண்டும். பங்காளிகளுக்குள் சண்டை கிளம்பினால் பொது அறங்காவலர் ஒதுங்கிக்கொள்வார். அப்போது வழக்கறிஞருக்குச் செலவழிப்பதில் தப்பில்லை.