டேட்டா தீர்ந்ததும் நெட் ஊர்ந்து போவது ஏன்? வேக வரம்பை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

சிக்னல் முழுசாக இருக்கிறது, மேலே 4ஜி என்றும் காட்டுகிறது. ஆனால் ஒரே ஒரு போட்டோவை அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போனை ஆஃப் செய்து போட்டுப் பார்த்தும் பலனில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் போனில் இல்லை. உங்கள் டேட்டா வரம்பு முடிந்து, வேகத்தைக் குறைத்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிப்பதும், அடுத்த மாதம் வராமல் பார்த்துக்கொள்வதும் சுலபம்தான்.

படி 1: பிளானின் பொடி எழுத்தைப் படியுங்கள்

'அன்லிமிடெட்' என்ற பெரிய எழுத்தைத் தாண்டிக் கீழே போங்கள். 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை' அல்லது 'எஃப்யூபி' என்று ஒரு பகுதி இருக்கும். வரம்பு எத்தனை ஜிபி, அது தினசரிக் கணக்கா மாதக் கணக்கா, முடிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்றாவதைத்தான் பலரும் படிப்பதில்லை. சில பிளான்களில் நெட் அப்படியே நின்றுவிடும். சிலவற்றில் கூடுதல் டேட்டாவுக்குத் தனிக் கட்டணம் ஏறும். சிலவற்றில் வேகம் மட்டும் குறையும். இன்னொரு வகையும் உண்டு: டவரில் கூட்டம் சேரும் நேரத்தில் மட்டும் உங்களை வரிசையில் பின்னுக்குத் தள்ளுவார்கள்.

படி 2: குறைந்த வேகத்தை நொடிக் கணக்காக மாற்றுங்கள்

'வரம்புக்குப் பிறகு 64 கேபிபிஎஸ்' என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 64 என்றதும் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் அது நொடிக்கு 64 கிலோபிட். நம் ஃபைல்களின் அளவோ பைட்டில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். அதனால் 8 ஆல் வகுத்துவிடுங்கள்: நொடிக்கு 8 கிலோபைட். 2 எம்பி போட்டோ ஒன்று போய்ச்சேர 250 நொடி, அதாவது நான்கு நிமிடத்துக்கு மேல். 1 ஜிபி ஃபைல் இறங்க ஏறக்குறைய 35 மணி நேரம்! எழுத்தில் அனுப்பும் செய்தி போகும், அவ்வளவுதான்.

அதே போட்டோ 512 கேபிபிஎஸ்ஸில் அரை நிமிடம், 1 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 1 மெகாபிட், அதாவது 1000 கிலோபிட்) 16 நொடி. இரண்டு பிளான்களை ஒப்பிடும்போது ஜிபியை மட்டும் பார்க்காதீர்கள். 60 ஜிபி தந்துவிட்டு 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கும் பிளானை விட, 50 ஜிபிக்குப் பிறகு 1 எம்பிபிஎஸ் தரும் பிளானைத்தான் நான் எடுப்பேன். மாதக் கடைசியில் ஒரு விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும் என்கிற அவசரத்தில் கைகொடுப்பது அந்த வேகம்தான்.

படி 3: வரம்பா, நெரிசலா?

முதலில் நிறுவனத்தின் ஆப்பில் மீதி டேட்டாவைப் பாருங்கள். பிறகு காலை, மாலை, நள்ளிரவு என்று மூன்று வேளை ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். எப்போது பார்த்தாலும் பிளானில் போட்ட குறைந்த வேகத்தின் பக்கத்திலேயே (512 என்றால் 500 கேபிபிஎஸ் பக்கத்தில்) நின்றால், வரம்பு போட்டுவிட்டார்கள். மாலையில் படுத்துவிட்டு நள்ளிரவில் பறந்தால் அது நெரிசல். இந்த வித்தியாசம் தெரியாமல் டாப்-அப் போடாதீர்கள். நெரிசலுக்கு டாப்-அப் மருந்தல்ல, காசுதான் வீண்.

ஒரு எச்சரிக்கை: டெஸ்டும் டேட்டாவைத் தின்னும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 10 நொடி ஓடினால் 125 எம்பி காலி. வரம்பு முடியாதபோது சும்மா ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

படி 4: போனில் மீட்டர் வையுங்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பகுதியில் டேட்டா எச்சரிக்கை, டேட்டா வரம்பு என இரண்டும் இருக்கும் (போனுக்குப் போன் இடம் மாறும், செட்டிங்ஸிலேயே தேடிப் பார்க்கலாம்). பிளான் புதுப்பிக்கும் தேதியைக் கொடுத்து, எச்சரிக்கையை முக்கால் பங்கில் வையுங்கள். ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் உள்ள கணக்கு தானாகப் பூஜ்யத்துக்கு வராது. பிளான் புதுப்பித்த அன்று நீங்களேதான் ரீசெட் செய்ய வேண்டும். எப்படியும் நிறுவனத்தின் கணக்குதான் செல்லும் என்பதால், போனில் வைக்கும் வரம்பைப் பிளானின் வரம்பை விடக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

படி 5: ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்

முதல் இடம் வீடியோவுக்கு. நொடிக்கு 5 மெகாபிட் ஓடும் எச்டி வீடியோ ஒரு மணி நேரத்தில் 2.25 ஜிபி எடுக்கும். 1 மெகாபிட்டுக்கு இறக்கினால் அரை ஜிபிகூட ஆகாது. போன் திரையில் 480பி தாராளமாகப் போதும். வாட்ஸ்அப்பில் மீடியா தானாக இறங்குவதை மொபைல் டேட்டாவுக்கு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், ஹாட்ஸ்பாட். ஒருநாள் ஒரு மெயில் அனுப்பத்தான் லேப்டாப்பை இணைத்தேன். அது வைஃபை கிடைத்தது என்று நினைத்து, பழைய போட்டோக்களை எல்லாம் கிளவுடில் ஏற்றத் தொடங்கிவிட்டது. மேலே ஏற்றுவதும் டேட்டா கணக்கில்தான் சேரும்! விண்டோஸ் என்றால் அந்த வைஃபையின் பண்புகளில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்காது. கிளவுட் ஆப்பைத் தனியாகத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது இன்னும் பாதுகாப்பு.

வரம்பு புதுப்பிக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தினசரி பிளான் நள்ளிரவில் புதுப்பிக்கப்படும் என்றால், இரவு 11 மணிக்குத் தொடங்க நினைத்த பெரிய டவுன்லோடை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டாலே போதும், டாப்-அப் தேவைப்படாது.